சுதந்திரத்துக்கு இங்கிலீஷில் மூன்று வார்த்தைகள்!

வீடு விற்பனை விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். "இண்டிபெண்டண்ட் ஹவுஸ் விற்பனைக்கு" என்று போட்டிருப்பார்கள். தனி வீடு என்று அர்த்தம். சுவரிலும் கூரையிலும் பிறத்தியாருக்குப் பங்கு கிடையாது.

அதே விளம்பரத்தில் "பிரீ ஹவுஸ்" என்று போட்டால் என்ன ஆகும்? வீடு இலவசம் என்று எண்ணி, பொழுது விடிவதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிடும்! "லிபர்ட்டி ஹவுஸ்" என்று போட்டாலோ, ஏதோ கம்பெனியின் பெயர் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

பள்ளிக்கூடம் போகும் பையனைக் கேட்டுப் பாருங்கள். பிரீடம் என்றால் சுதந்திரம். லிபர்ட்டி என்றால் சுதந்திரம். இண்டிபெண்டன்ஸ் என்றாலும் சுதந்திரம்தான் என்பான். அவன் சொல்வது தப்பு அல்ல. சின்ன அகராதிகளில் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மற்றொன்றை வைக்க முடியவில்லை. சுதந்திர தினம், "இண்டிபெண்டன்ஸ் டே". சுதந்திரப் போராட்ட வீரர், "பிரீடம் பைட்டர்". நியூயார்க் துறைமுகத்தில் தீபம் ஏந்தி நிற்கும் சுதந்திர தேவி, "ஸ்டாச்சு ஆப் லிபர்ட்டி". இடம் மாற்றிச் சொன்னால் காதில் ஒட்டவில்லை.

இது ஏதோ இலக்கணச் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். இந்த வார்த்தைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்துக்காக மாநாடுகளில் பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. தகப்பனாரும் மகனும் ஆளுக்கு ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எதிர் எதிரே நின்றிருக்கிறார்கள். ஒரு மனிதர் ஜெயிலிலேயே இருப்பதா, வெளியே வருவதா என்று சுப்ரீம் கோர்ட்டில் நடந்த வழக்கில், இந்த வார்த்தைகளையே எடைபோட்டு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வழக்கில் அவருக்கு எதிராக நின்றது நம் சென்னை சர்க்கார்தான்!

தொங்கும் வார்த்தை

முதலில் இண்டிபெண்டன்ஸ்.

பழைய சுவர்க் கடிகாரத்தில் பெண்டுலம் ஆடும். கழுத்துச் சங்கிலியில் பெண்டண்ட் தொங்கும். இரண்டிலும் "பெண்ட்" இருக்கிறது அல்லவா? லத்தீன் மொழியில் அதற்குத் தொங்குதல் என்று பொருள். "டிபெண்ட்" என்றால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. அதாவது, சார்ந்து இருப்பது. ஆபீசில் கொடுக்கும் பாரங்களில் "உங்கள் டிபெண்டண்டுகள் எத்தனை பேர்?" என்று கேட்கிறார்களே, அந்த வார்த்தைதான் இது. நம் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று கணக்குக் கேட்கிறார்கள்!

முன்னால் "இன்" சேர்த்தால் "இல்லை" என்று ஆகிவிடும். ஆகவே, எவரையும் பிடித்துத் தொங்காமல் தன் காலில் நிற்பதுதான் இண்டிபெண்டன்ஸ். எந்தக் கட்சியையும் சேராத வேட்பாளரை "இண்டிபெண்டண்ட்" என்கிறார்கள். தமிழில் சுயேச்சை என்கிறோம். வேலைக்குப் போய்ச் சொந்தச் சம்பாத்தியத்தில் வாழும் பெண்ணையும் அந்த வார்த்தையால் சொல்வார்கள். ஒரு தேசம் இன்னொரு தேசத்தின் பிடியிலிருந்து விலகினால், அதற்கும் அதே வார்த்தை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வார்த்தை வெளியே மட்டும்தான் பார்க்கிறது. "யாரையும் சார்ந்து இல்லை" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று அது சொல்வதில்லை. இண்டிபெண்டண்ட் ஹவுசுக்கு உள்ளே மருமகள் வாய் திறந்து பேச முடிகிறதா என்று விளம்பரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

பிரியமும் பிரீயும்

அடுத்தது பிரீடம். இதன் வேர் "பிரீ". கடைகளில் "ஒன்று வாங்கினால் ஒன்று பிரீ" என்று எழுதி வைக்கிறார்களே, அதே பிரீதான். விலை என்ற தளை இல்லாதது என்பதால் அங்கே இலவசம் என்று ஆயிற்று.

இந்தச் சின்ன வார்த்தைக்குப் பெரிய வம்சாவளி இருக்கிறது. நாம் "பிரியம்" என்கிறோம். அது சமஸ்கிருதத்திலிருந்து நம்மிடம் வந்த சொல். அந்தப் "பிரிய"வும் இங்கிலீஷ் "பிரீ"யும் ஒரே வேரில் முளைத்தவை என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். சினேகிதனைக் குறிக்கும் "பிரெண்ட்" என்ற வார்த்தையும் அந்தக் குடும்பம்தான்.

பிரியத்துக்கும் சுதந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? பழங்காலத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டில் இரண்டு வகை மனிதர்கள் இருந்தார்கள். வீட்டுத் தலைவருக்குப் பிரியமானவர்கள் ஒரு வகை. அவர்கள் சொந்தக்காரர்கள். மற்றொரு வகையினர் அடிமைகள். பிரியமானவர்களைக் குறித்த சொல்லே, நாளடைவில் "அடிமை அல்லாதவர்" என்ற பொருளைப் பெற்றது.

லிபர்ட்டியின் கதையும் இதே போலத்தான் இருக்கிறது. லத்தீனில் "லிபர்" என்றால் அடிமை அல்லாதவன். "லிபரி" என்று பன்மையில் சொன்னால், வீட்டுப் பிள்ளைகள்! எஜமானின் வீட்டில் அடிமையும் உண்டு, பிள்ளையும் உண்டு. அடிமை அல்லாதவர்கள் பிள்ளைகள்.

இதைப் படித்ததும் நம் தமிழ்ச் சொல் ஞாபகத்துக்கு வருகிறது. தமிழ் பைபிளைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அதில் வாரிசுச் சொத்துக்குச் "சுதந்தரம்" என்று பெயர். வாரிசுக்குச் "சுதந்தரவாளி" என்று பெயர். 18-ம் நூற்றாண்டுச் செங்கற்பட்டுக் கிராமக் கணக்குகளிலும் "சுதந்திரம்" வருகிறது. களத்துமேட்டில் நெல் அளக்கும்போது, கிராமத்தில் உரிமை உள்ளவர்களுக்கும் ஊழியக்காரர்களுக்கும் வழக்கப்படி எடுத்து வைக்கும் பங்குக்கு அந்தப் பெயர். கொடி ஏற்றுவதற்கு வெகு காலம் முன்பே, நம் ஊரில் சுதந்திரம் மரக்காலில் அளக்கப்பட்டிருக்கிறது! ரோமாபுரியில் சுதந்திரத்துக்கு உரியவன் வீட்டுப் பிள்ளை. நம் பைபிள் தமிழிலோ, வீட்டுப் பிள்ளைக்கு உரியது சுதந்தரம். யாரும் பேசி வைத்துக்கொண்டு இப்படிச் செய்யவில்லை.

சரி, பிரீடம் என்று ஒரு வார்த்தை இருக்கும்போது இங்கிலீஷ்காரர்களுக்கு லிபர்ட்டி எதற்கு? 1066-ம் ஆண்டில் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வில்லியம் என்ற பிரபு படையெடுத்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தான். அதற்குப் பிறகு அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சு நடமாடிற்று. குடியானவர்கள் தங்கள் பழைய பேச்சையே பேசினார்கள். பிரீடம் குடியானவர்களின் சொல். லிபர்ட்டி, பிரெஞ்சு வழியாக வந்த துரைமாரின் சொல். அந்த வாசனை இன்னும் போகவில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு இன்றைக்கும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வார்த்தைதான்.

பறவை வானத்தில் பறக்கிறது. அது பிரீடம். அந்தப் பறவைக்கு லிபர்ட்டி என்று சொன்னால் பொருந்தாது. சட்டம், அரசாங்கம், போலீஸ், கோர்ட்டு என்று பேச்சு வந்தால் லிபர்ட்டியும் கூடவே வந்துவிடும். ஒரு மனிதனை அதிகாரம் தொடாமல் சட்டம் காப்பாற்றுகிறதே, அது லிபர்ட்டி. பிரீடம் இன்னும் அகலமானது. மனத்தில் தோன்றும் சுதந்திரத்தையும் அது குறிக்கும். பசி இல்லாமல் இருப்பதையும் குறிக்கும். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1941-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி பேசிய பேச்சு ஒன்று பிரசித்தம். அதில் அவர் நான்கு பிரீடங்களைச் சொன்னார். பேசும் சுதந்திரம், வழிபடும் சுதந்திரம், வறுமையிலிருந்து சுதந்திரம், பயத்திலிருந்து சுதந்திரம். இந்த நாலாவதை லிபர்ட்டி என்ற வார்த்தையால் சொல்ல முடியாது. பயத்தை எந்தச் சட்டம் போட்டுப் போக்குவது?

சுதந்திர தேவியை வார்த்த அடிமை

அமெரிக்கத் தலைநகரமான வாஷிங்டனில், பார்லிமெண்டுக் கட்டடத்தின் கூண்டுக் கோபுர உச்சியில் வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. உயரம் பத்தொன்பதரை அடி. "ஸ்டாச்சு ஆப் பிரீடம்" என்று பெயர். நியூயார்க்கில் இருப்பது வேறு, இது வேறு. இதன் கதை பலருக்குத் தெரியாது.

தாமஸ் கிராபர்டு என்ற சிற்பி ரோமாபுரியில் உட்கார்ந்து இந்தச் சிலைக்கு மாதிரி செய்தார். தலையில் ஒரு குல்லாய் வைத்தார். பழைய ரோமாபுரியில் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவன் அணியும் குல்லாய் அது. "லிபர்ட்டி குல்லாய்" என்று அதற்குப் பெயர். அப்போது யுத்த மந்திரியாக இருந்தவர் ஜெபர்சன் டேவிஸ். கட்டட வேலை அவர் பொறுப்பில் இருந்தது. குல்லாய் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். "அது அடிமையாக இருந்து விடுபட்டவர்களின் அடையாளம். நாமோ பிறவியிலேயே சுதந்திரர்கள்" என்பது அவர் வாதம். சிற்பி குல்லாயை எடுத்துவிட்டுக் கழுகுத் தலை உள்ள தலைக்கவசத்தை வைத்தார். அந்த டேவிஸ் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். பின்னால், அடிமை முறையைக் காப்பாற்றத் தனியாகப் பிரிந்துபோன தென் ராஜ்யங்களுக்கு ஜனாதிபதி ஆனவரும் அவரேதான்!

சுண்ண மாதிரி கப்பலில் ஐந்து பாகங்களாக வாஷிங்டன் வந்து சேர்ந்தது. ஒருவர் அதைப் பூட்டி நிறுத்தினார். பிறகு வெண்கலத்தில் வார்ப்பதற்காக அதைக் கழற்ற வேண்டி வந்தது. கூலியை உயர்த்தினால்தான் கழற்றுவேன் என்று அவர் பிடிவாதம் செய்தார். பாகங்கள் எங்கே சேர்கின்றன என்பது வேறு யாருக்கும் தெரியவில்லை. பிலிப் ரீட் என்ற வேலைக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். சிலையின் தலையில் இருந்த இரும்பு வளையத்தில் கயிற்றைக் கட்டி, கப்பி போட்டு மெல்ல மெல்லத் தூக்கச் சொன்னார். இணைப்பு இருந்த இடத்தில் மயிரிழை போல் வெடிப்புத் தெரிந்தது. அவ்வளவுதான், காரியம் முடிந்தது.

பிலிப் ரீட் ஓர் அடிமை. வார்ப்படச் சாலை முதலாளி கிளார்க் மில்ஸ் அவரைச் சார்ல்ஸ்டன் நகரத்தில் 1,200 டாலருக்கு வாங்கியிருந்தார். அச்சுகளின் கீழே நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது ரீடின் வேலை. வாரத்தில் ஆறு நாள் கூலி முதலாளிக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மட்டும் ரீடின் கையில் கூலி கொடுத்தார்கள். நாளுக்கு ஒன்றேகால் டாலர்.

சுதந்திர தேவியை வார்க்க அடுப்பு மூட்டியவர் சுதந்திரர் அல்ல!

அமெரிக்கா "இண்டிபெண்டன்ஸ்" பிரகடனம் செய்தது 1776-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி. அந்தப் பிரகடனத்துக்கு உள்ளே "லிபர்ட்டி" என்ற வார்த்தையும் இருக்கிறது. எழுதியவர் தாமஸ் ஜெபர்சன். அவரிடமே நூற்றுக்கணக்கான அடிமைகள் இருந்தார்கள். 1790-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி அந்தத் தேசத்தில் இருந்த அடிமைகள் ஏறத்தாழ 7 லட்சம் பேர். தேசம் பிரிட்டிஷ் ராஜாவைப் பிடித்துத் தொங்கவில்லை. உண்மைதான். ஆனால் 7 லட்சம் பேர் எஜமானர்களின் கையில் இருந்தார்கள்.

இங்கே நாலாவதாக ஒரு வார்த்தை வருகிறது. எமான்சிபேஷன். லத்தீனில் "மானுஸ்" என்றால் கை. கைப்பிடியிலிருந்து விடுவது எமான்சிபேஷன். ரோமாபுரியில் தகப்பன் தன் அதிகாரத்திலிருந்து மகனை விடுவிக்கும் சடங்குக்கு இந்தப் பெயர் இருந்தது. நம் "விடுதலை"க்கு மிகவும் கிட்டத்தில் உள்ள இங்கிலீஷ் வார்த்தை இதுதான் என்பது என் அபிப்பிராயம். விடுதலையிலும் "விடு" இருக்கிறது அல்லவா? கைதி ஜெயிலிலிருந்து "விடுதலை" ஆனான் என்கிறோம். "சுதந்திரம்" ஆனான் என்று யாரும் சொல்வதில்லை. பிடித்த கை விட்டால்தான் விடுதலை.

1862-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி வாஷிங்டன் நகரத்து அடிமைகளை விடுவிக்கும் சட்டம் வந்தது. ரீட் விடுதலை பெற்றார். ஈட்டுத் தொகையும் கொடுத்தார்கள். யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! 1863-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி சிலையின் கடைசிப் பாகம் கோபுரத்தில் ஏறியபோது, ரீட் சுதந்திர மனிதராக இருந்தார். தேசம் முழுவதும் அடிமை முறை ஒழிந்தது 1865-ம் ஆண்டில். இண்டிபெண்டன்சுக்கும் எமான்சிபேஷனுக்கும் நடுவே 89 வருஷம்.

தூரதேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் இலங்கை இருக்கிறது. 1948-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி அது சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் அங்கே ஒரு குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த லட்சக்கணக்கான தமிழர்கள் அதனால் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாதவர்கள் ஆனார்கள். பல லட்சம் பேரை ஒப்பந்தத்தின் பேரில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். மீதி இருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை கிடைக்க 2003-ம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. வீடு தனி வீடாகிவிட்டது. வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு வாசற்படி இல்லை.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை, மகனுக்கு ஒரு வார்த்தை

நம் தேசத்தில் இந்த வார்த்தைச் சண்டை பகிரங்கமாக நடந்த ஊர்களில் ஒன்று, சென்னை!

1927-ம் ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியது. டாக்டர் அன்சாரி தலைமை வகித்தார். இந்திய மக்களின் லட்சியம் முழு "இண்டிபெண்டன்ஸ்" என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. ஐரோப்பாவிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த ஜவாஹர்லால் நேரு அதைக் கொண்டுவந்தார். காந்திஜிக்கு அது பிடிக்கவில்லை. அவசரப்பட்டுச் செய்த காரியம் என்று எழுதினார். அவருக்குச் "சுயராஜ்யம்" என்ற நம் சொல்தான் பிடித்தம். தன்னைத் தான் ஆள்வது என்றால், தன்னைத் தான் அடக்குவதும் அதில் அடங்கியிருக்கிறது. இண்டிபெண்டன்ஸ் என்ற வார்த்தையிலோ எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்ற தொனி வந்துவிடுகிறது. இதுதான் அவர் கண்ட வித்தியாசம்.

அடுத்த ஆண்டு, மோதிலால் நேருவின் தலைமையில் ஒரு கமிட்டி அரசியல் திட்டம் வகுத்தது. அது கேட்டது "டொமினியன் அந்தஸ்து". கானடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அந்த அந்தஸ்து இருந்தது. உள்நாட்டு ஆட்சி முழுவதும் நம் கையில். ஆனால் பிரிட்டிஷ் ராஜா தலைக்கு மேல் இருப்பார். தகப்பனார் டொமினியன் என்றார். மகன் இண்டிபெண்டன்ஸ் என்றார். சேலத்தில் பிறந்தவரா, காசியில் பிறந்தவரா என்ற பேதம் இல்லாமல் காங்கிரஸ்காரர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். மகன் பக்கம் சுபாஷ் சந்திர போஸ் இருந்தார். நம் எஸ். சீனிவாச ஐயங்கார் இருந்தார். இதற்கென்றே தனியாகத் தொடங்கிய "இண்டிபெண்டன்ஸ் லீக்"குக்கு ஐயங்கார் தலைவர்.

கல்கத்தா மகாசபையில் காந்திஜி சமரசம் செய்துவைத்தார். ஒரு வருஷத்துக்குள் டொமினியன் அந்தஸ்து தராவிட்டால் முழு விடுதலைதான் என்று கெடு வைத்தார்கள். கெடு தீர்ந்தது. 1929-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி நடு இரவில், லாகூரில், ராவி நதிக்கரையில் கொடி ஏறியது. தலைவர் மகன்! 1930-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி தேசம் எங்கும் முழுச் சுயராஜ்ய உறுதிமொழி எடுத்தார்கள்.

ஆனால், பதினேழு வருஷம் கழித்து என்ன கிடைத்தது தெரியுமா? 1947-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி ராஜா ஒப்புதல் அளித்த சட்டத்தின் பெயர் "இந்திய இண்டிபெண்டன்ஸ் சட்டம்". உள்ளே பார்த்தால், "இரண்டு இண்டிபெண்டண்ட் டொமினியன்கள்" அமைக்கப்படும் என்று இருக்கிறது. அப்பாவின் வார்த்தையையும் மகனின் வார்த்தையையும் ஒரே வரியில் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள்! அதன்படி, 1947 ஆகஸ்டு 15-ந் தேதிக்குப் பிறகும் ஆறாவது ஜார்ஜ்தான் இந்தியாவின் ராஜா. அவருடைய பிரதிநிதியாகக் கவர்னர் ஜெனரல் இருந்தார். அந்தப் பதவியில் கடைசியாக இருந்தவர் நம் ராஜாஜி. 1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி இந்தியா குடியரசாயிற்று. ராஜாவும் போனார், டொமினியனும் போயிற்று. லாகூர் உறுதிமொழியின் தேதியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள்.

ஜெயிலில் ஏறிய கொடி

1947-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி இரவு. டில்லியில் நேரு பேசிக்கொண்டிருந்தார். அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கண்ணனூர் ஜெயிலில், தனிக் கொட்டடியில், ஏ.கே. கோபாலன் தூக்கம் வராமல் இருந்தார். காங்கிரஸ்காரராக இருந்து கம்யூனிஸ்டு ஆனவர். குருவாயூர்க் கோயில் நுழைவுச் சத்தியாக்கிரகத்தில் தொண்டர் படைத் தலைவராக இருந்து அடிபட்டவர். ஜெயிலின் நாலு பக்கத்திலிருந்தும் "ஜே" கோஷம் கேட்டது. மறுநாள் காலையில் அவர் தம்மிடம் இருந்த தேசியக் கொடியை ஏந்தி ஜெயில் வளாகத்தில் நடந்தார். கைதிகள் ஒன்றுகூடி அதை ஏற்றினார்கள்.

தேசத்துக்கு இண்டிபெண்டன்ஸ். கொடி ஏந்தியவருக்கு லிபர்ட்டி இல்லை.

அக்டோபரில் அவரை விட்டார்கள். டிசம்பரில் மறுபடியும் பிடித்தார்கள். அவர்மேல் போட்ட வழக்குகளில் கிடைத்த தண்டனைகள் ரத்தாயின. ஆனாலும் காவல் உத்தரவு ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது. 1950 ஜனவரியில் அரசியல் சட்டம் வந்தது. ஒரே மாதத்தில், பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டமும் வந்தது. குற்றம் செய்ததற்காக அல்ல, செய்யக்கூடும் என்பதற்காக ஒருவரை அடைத்து வைக்க அது அதிகாரம் கொடுத்தது. மார்ச் 1-ந் தேதி, உள்ளே இருந்த கோபாலனிடமே சென்னை சர்க்கார் அந்தச் சட்டப்படி புது உத்தரவைக் கொடுத்தது.

அவர் நேராகச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டு பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவருக்காக எம்.கே. நம்பியார் வாதாடினார்.

அரசியல் சட்டத்தில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். 19-ம் பிரிவு இருப்பது "பிரீடம்" என்ற தலைப்பின் கீழ். பேசலாம், கூட்டம் கூடலாம், சங்கம் வைக்கலாம், தேசம் முழுவதும் போகலாம், வரலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. அதைக் கட்டுப்படுத்தும் சட்டம் நியாயமானதுதானா என்று கோர்ட்டு பார்க்கலாம். 21-ம் பிரிவில் இருப்பது "லிபர்ட்டி". சட்டம் வகுத்த முறைப்படி அல்லாமல் ஒருவரின் உயிரையோ லிபர்ட்டியையோ பறிக்கக் கூடாது என்கிறது. முதலில் அங்கே லிபர்ட்டி என்று மட்டும் இருந்தது. அப்படியே விட்டால் 19-ம் பிரிவின் பிரீடங்களும் அதற்குள் வந்துவிடும் என்று கருதி, சட்ட நகல் கமிட்டி அதற்கு முன்னால் "பர்சனல்" என்ற வார்த்தையைச் சேர்த்தது. பர்சனல் என்றால், ஆளைச் சேர்ந்த என்று பொருள்.

அந்த ஒரு வார்த்தை கோபாலனின் காலில் விலங்காக விழுந்தது. "என்னைப் பூட்டி வைத்தால் நான் எப்படி நடமாடுவேன்? எப்படிக் கூட்டம் பேசுவேன்? என் பிரீடங்களும் போகின்றன அல்லவா? ஆகவே இந்தச் சட்டம் நியாயமானதா என்று பாருங்கள்" என்பது அவர் தரப்பு. 1950 மே 19-ந் தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ஆறு பேர். பெரும்பான்மையோர் இந்த வாதத்தை ஏற்கவில்லை. பிரீடம் வேறு, பர்சனல் லிபர்ட்டி வேறு என்றார்கள். பிரீடங்கள் வெளியே நடமாடும் மனிதனுக்கு. லிபர்ட்டி என்பது உடம்பு அடைபடாமல் இருப்பது. சட்டசபையோ பார்லிமெண்டோ முறைப்படி சட்டம் செய்து அடைத்தால், அந்தச் சட்டம் நியாயம்தானா என்று கோர்ட்டு கேட்க முடியாது என்று முடிவாயிற்று. காவலுக்கான காரணத்தைக் கைதி கோர்ட்டில்கூடச் சொல்லக் கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. அதை மட்டும் அடித்துவிட்டார்கள்.

நீதிபதி பஸல் அலி ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு வார்த்தைகளையும் இப்படித் தனித் தனிப் பெட்டியில் போட்டுப் பூட்ட முடியாது என்பது அவர் கருத்தின் சாரம். ஒருவரை அடைத்தால் நடமாட்டமும் சேர்ந்துதான் போகிறது. "முறைப்படி" என்றால், குற்றச்சாட்டைச் சொல்லி, அவர் பதிலைக் கேட்டு, நடுநிலையானவர்கள் தீர்மானிக்க வேண்டும் என்றார். தெருவில் போகும் மனிதரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் கருத்து அன்று தோற்ற கருத்து.

கோபாலன் 1951-ல் வெளியே வந்தார். 1952-ல் பார்லிமெண்டுக்கு ஜெயித்துப் போனார். கால் நூற்றாண்டு அங்கே இருந்தார். அந்தத் தடுப்புக் காவல் சட்டம் 1969-ம் ஆண்டு முடிவில் காலாவதியாயிற்று. அதே மாதிரி வேறு சட்டங்கள் வந்தன.

1977-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைச் சர்க்கார் பிடித்து வைத்துக்கொண்டது. பொதுநலன் கருதி என்றார்கள். காரணம் சொல்லவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. 1978-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி ஏழு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். லிபர்ட்டி என்ற வார்த்தை மிக விரிவானது, பிரீடங்களோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும், அதைப் பறிக்கும் முறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு கூறியது. பஸல் அலி ஒருவராக நின்று சொன்னது தேசத்தின் சட்டமாயிற்று. அந்தரங்கமும் அடிப்படை உரிமை என்று 2017-ம் ஆண்டில் ஒன்பது நீதிபதிகள் சொன்னதற்கும் அந்த 21-ம் பிரிவின் லிபர்ட்டிதான் ஆதாரம்.

கோபாலன் 1978-ம் ஆண்டுத் தீர்ப்பைப் பார்க்கவில்லை. அதற்குப் பத்து மாதம் முன்பு, 1977-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி, அவர் காலமாகிவிட்டார்.